குடி நிறுத்தும் வார்டுக்கு வழி

ஜூன் 13, வெள்ளி

இந்த நோட்டு பரிசு அல்ல, தண்டனை. பள்ளியில் மூன்று ஐம்பதுக்கு அடிக்க வேண்டிய நீள மணியை இரண்டு இருபதுக்கே அடித்துவிட்டேன். எண்ணூறு பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்த அப்பா அம்மாக்கள் நாற்காலியை விட்டு எழுந்து, அவரவர் பிள்ளையைத் தேடிக் கலைந்தார்கள். எல்லாம் ஐந்தே நிமிடம். கூட்டத்தைக் கலைக்கப் போலீசுக்குத் தடியடி வேண்டும். எனக்கு மணியடி போதும்.

"ஏன்டி அடிச்ச?" என்றார் தலைமையாசிரியை.

"அதுக்கு வலிக்குதான்னு பாத்தேன் டீச்சர்."

"பேரு?"

"சுபிக்ஷா. பதினொண்ணு பி."

"சுபிக்ஷா, ஒரு மாசம் டைரி எழுது. அன்னன்னைக்கு என்ன தப்பு செஞ்சேன்னு எழுது. நான் படிக்க மாட்டேன், நீயே படிச்சுக்க."

ஏன் அடித்தேன் என்று நோட்டுக்கும் சொல்வதாக இல்லை. அப்பாவும் கூட்டத்துக்கு வந்திருந்தார். கேட்டுக்கு உள்ளே வேப்பமரம் வரை வந்தவர், மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டம் கலைந்ததால் மேடைப் பக்கம் வர வேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமல் போயிற்று. அவ்வளவுதான் இன்றைய செய்தி.

ஜூன் 14, சனி

தப்பு எதுவும் செய்யவில்லை. ஆகவே கடையைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் கடை லிங்கம் சலூன். அப்பா பெயர் மகாலிங்கம். அவர் வைக்கும் கிருதாவை ஸ்கேல் வைத்து அளந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கும். நான் அளந்திருக்கிறேன், தூங்கிக்கொண்டிருந்த ஒரு வாடிக்கைக்காரர் மேல்.

அப்பாவுக்குத் தெரிந்த கட்டிங் இரண்டு. ஒன்று அவர் வெட்டுவது. இன்னொன்று அவரை வெட்டுவது. குவாட்டரை இரண்டாகப் பிரித்தால் அதற்கும் கட்டிங் என்றுதான் பெயர். காலையில் அது உள்ளே போனால்தான் கை நிற்கும். அதுவரை கத்திரி காற்றைத்தான் வெட்டும். போன வாரம் ஒருவருடைய காது மடலில் பிளேடு பட்டுவிட்டது. அவர் மறுநாளிலிருந்து எதிர்க்கடைக்குப் போகிறார்.

ஜூன் 16, திங்கள்

குமரய்யா மாமா, அம்மாவின் தம்பி, விடியும் முன்பே வந்து அப்பாவைக் கரட்டுப்பட்டிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு முனியாண்டி இருக்கிறார். பூசாரி மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டால் ஒரு வருஷம் குடியைத் தொடக்கூடாது. தொட்டால் கண் போய்விடுமாம்.

அப்பா ஒரு வார்த்தை மறுக்காமல் கையை நீட்டினாராம். கை ஆடிய ஆட்டத்தில் பூசாரியால் முடிச்சே போட முடியவில்லையாம். மாமா பிடித்துக்கொண்டாராம்.

இன்று முழுக்க அப்பா குடிக்கவில்லை. சோறு இறங்கவில்லை, ஃபேனுக்கு அடியிலேயே சட்டை நனைய வேர்த்தது. "கயிறு வேலை செய்யுது மச்சான்" என்றார் மாமா. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தெருவில் இரண்டு பேரிடம் சும்மாவே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று எழுத முடியவில்லை.

ஜூன் 18, புதன்

நேற்று நடந்தது இது.

செவ்வாய், சலூன்களுக்கு விடுமுறை. அப்பா வீட்டில் இருந்தார். நான் பள்ளிவிட்டு வந்தபோது வாசலில் இருபது செருப்பு. உள்ளே அப்பா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். உடம்பு முழுக்க உதறியது. கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. சுவரிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளிப் போட்டார். "எறும்பு, எறும்பு" என்றார். சுவரில் ஒரு எறும்பும் இல்லை.

மாமா இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "முனியாண்டி எறங்கிட்டான்யா! கட்டுன மறுநாளே வந்துட்டான்!"

மஞ்சத்தண்ணி வந்தது, கற்பூரம் வந்தது, வேப்பிலையும் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா முன்னால் போய், "சாமி, என் மகளுக்கு எப்ப வரன் அமையும்?" என்று கேட்டார். அப்பா ஏதோ முனகினார். "தை மாசம்னு சொல்லுது" என்றார் மாமா.

நான் சும்மா இருந்திருக்கலாம். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு, "சாமி, காலாண்டுப் பரீட்சையில கணக்குல எந்தச் சேப்டர் வரும்?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாகூட.

அப்பா என்னைப் பார்த்தார். யாரென்று தெரியாத பார்வை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயோரம் நுரையோடு இரத்தம். நாக்கைக் கடித்திருந்தார். 108-க்கு நான்தான் போன் செய்தேன். விலாசம் சரியாகச் சொன்னேன் என்று அம்மா சொல்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை.

நான் சிரித்தேன். இதை மட்டும் எழுதி வைக்க வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். அன்றைக்கே கேட்டார்:

"கடைசியா எப்ப குடிச்சாரு?"

"ஞாயித்துக்கிழமை மேடம்" என்றார் மாமா பெருமையாக. "கயிறு கட்டியாச்சு. அதுக்கப்புறம் சொட்டு தொடலை."

"அதுக்கு முன்னாடி எத்தனை வருஷமா தினமும்?"

அம்மா தரையைப் பார்த்தபடி, "பன்னெண்டு" என்றாள்.

"அப்ப அதான். அத்தனை வருஷமாப் பழகின உடம்பு. திடுதிப்புன்னு நிறுத்தினா நடுக்கம் வரும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், வலிப்பும் வரும். இன்னொரு தடவை இப்படி வந்தா உயிருக்கே ஆபத்து. குடியை நிறுத்தணும், ஆனா வார்டுல வச்சு, மருந்து குடுத்து நிறுத்தணும்."

"அப்ப சாமி?" என்றார் மாமா.

"சாமியப் பத்தி எனக்குத் தெரியாது சார். வலிப்பைப் பத்தித் தெரியும்."

இரண்டு நாள் வைத்திருந்து இன்று அனுப்பிவிட்டார்கள். சீட்டில், மனநலத் துறையின் போதை மறுவாழ்வுப் பிரிவுக்குப் போகச் சொல்லி எழுதியிருந்தது. அப்பா முதல் சொல்லை மட்டும் படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூன் 20, வெள்ளி

"மகாலிங்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போறான்னு ஊரு சொல்லும். பைத்தியத்துக்கிட்ட எவன்டி கழுத்தை நீட்டுவான்?" என்றார் அப்பா.

நியாயமான கேள்வி. கழுத்தை நம்பிக் கொடுக்கும் தொழில் அது.

கயிற்றைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு போய்க் குடித்துவிட்டு வந்தார். அம்மா திட்டவில்லை. குடிக்காவிட்டால் வலிப்பு வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். குடித்துவிட்டு வந்த புருஷனைப் பார்த்து நிம்மதியாக மூச்சுவிட்டவளை இந்தத் தெரு இதுவரை கண்டிருக்காது.

ஜூன் 21, சனி

தனியார் மையம் ஒன்றின் நோட்டீஸ் பேருந்து நிறுத்தத்தில் கிடைத்தது. போன் செய்தேன். அவர்கள் கேட்ட தொகைக்குக் கடையை நாற்காலியோடு கொடுக்க வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஆனால் அங்கே எந்தக் கட்டடம், எந்த நேரம், படுக்கை உண்டா என்று யாருக்கும் தெரியவில்லை. நேரடியாக ஆஸ்பத்திரி நம்பருக்கே அடித்தேன். சின்னப் பிள்ளை என்று வைத்துவிடக் கூடாதே என்று குரலைக் கனமாக்கி, "மருத்துவர் மகாலிங்கம் வீட்லேருந்து பேசுறேன்" என்றேன். பொய் இல்லை. எங்கள் சாதிச் சான்றிதழில் அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்த பெயர் மருத்துவர்.

எதிர்முனையில் இருந்த பெண் உடனே பணிவானார். "எந்த டிபார்ட்மெண்ட் டாக்டர் மேடம்?"

"தலை சம்பந்தப்பட்டது."

"நியூராலஜியா?"

"அதுக்குக் கொஞ்சம் வெளிப்பக்கம்."

வைத்துவிட்டார்.

பிறகு 104, மருத்துவ உதவி எண்ணுக்கு அடித்து, என் சொந்தக் குரலில், எங்கப்பா குடிக்கிறார், நிறுத்தணும் என்றேன். அதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பக்கம் இருந்த அண்ணன் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். காலை எட்டு முதல் பதினொன்று வரை புறநோயாளிச் சீட்டு. ஆதார் வேண்டும். கூட ஒரு ஆள் தங்க வேண்டும். பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும். முக்கியமாக, வருபவர் தானாக வர வேண்டும். கட்டி இழுத்து வந்தால் பயன் இல்லை.

"உங்க வயசு என்னம்மா?"

"பதினாறு."

"தைரியமாப் பேசுறீங்க" என்றார். இதை அடிக்கோடிட்டு வைக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

இன்றைய தப்பு: பள்ளிக்கு மட்டம்.

ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் வழி பார்த்தேன். அப்பாவுக்கு வார்டைவிட, அந்த வார்டு எங்கே என்று நாலு பேர் நடுவில் கேட்பதுதான் பயம். கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் செய்துவிட்டால்? சீட்டுக் கவுண்டரிலிருந்து எத்தனை தப்படி, எந்தத் தூணில் திரும்புவது, எந்தப் படியில் ஏறுவது என எல்லாவற்றையும் கணக்கு நோட்டின் நடுப் பக்கத்தைக் கிழித்து வரைந்தேன். தண்ணீர்க் குழாய், பன் விற்கும் ஆள், தூங்கும் நாய்வரை போட்டேன். வார்டு என்று எழுதவில்லை. ஒரு நட்சத்திரம் போட்டேன்.

சாயங்காலம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கொடுத்தேன். அப்பா கண்ணாடி முன்னால் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நாயெல்லாம் போட்டிருக்க."

"அது எந்திரிச்சுப் போயிட்டா வழி தப்பிரும்ப்பா."

சிரித்தார். பிறகு என்னைப் பார்க்காமல், கண்ணாடிக்குள் இருந்த என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அன்னைக்கு ஸ்கூல்ல மணியடிச்சது எனக்காகத்தானே பாப்பா?"

"இல்லப்பா. எனக்குப் பசிச்சுது."

சீப்பைக் கையில் எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார்.

"நாளைக்குக் கடை லீவுதானே. போய்த்தான் பாப்போம்."

ஜூன் 24, செவ்வாய்

அப்பா, அம்மா, நான். அப்பா தலையில் துண்டைப் போட்டிருந்தார். சீட்டு வாங்கினோம். தூண் சரி. குழாய் சரி. நாய்கூட இருந்தது. நட்சத்திரம் போட்ட கதவில் பூட்டு. "பெயின்ட் அடிக்கிறோம்" என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. எங்கே மாற்றினார்கள் என்று எழுதவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே ஒழுங்கான வேலையின் மேல் ஒரே இரவில் வெள்ளையடித்துவிட்டார்கள்.

அம்மா ஒருவரிடம் காதோடு கேட்டாள். அவருக்கு விளங்கவில்லை. எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து பல் பிரிவு. அங்கிருந்து வந்த வழியே திரும்பினோம். மணி பத்தரை. அப்பா துண்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டார். "விடு வாசுகி, வீட்டுக்குப் போவோம்" என்றார் அம்மாவிடம்.

ஒரு செக்யூரிட்டி அண்ணன் கண்ணில் பட்டார். நடுவில் நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் இருந்த இடத்திலிருந்தே கத்தினேன்.

"அண்ணே! குடி நிறுத்துற வார்டு எங்கண்ணே?"

நூறு தலையும் திரும்பியது. செக்யூரிட்டி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாருக்கு?"

நான் கையிலிருந்த சீட்டை நாலாக மடித்தேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அப்பா துண்டைத் தலையிலிருந்து எடுத்தார். தோளில் போட்டுக்கொண்டார்.

"எனக்குத்தாண்ணே" என்றார். சத்தமாக. "மகாலிங்கம். சலூன் வச்சிருக்கேன். பன்னெண்டு வருஷமாக் குடிக்கிறேன். எங்கிட்டுப் போகணும்?"

நூறு பேரும் எங்கப்பாவையே பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அப்படி நிற்க அவர்தான் இப்போது சொல்லிக் கொடுத்தார். பன்னைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா, "பழைய லாண்டரிக்குப் பின்னாடி, ரெண்டாவது மாடி. என் மகனும் அங்கதான் இருக்கான்" என்றார்.

பத்து ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஜூன் 26, வியாழன்

படுக்கை காலி இல்லை. திங்கட்கிழமை ஒன்று காலியாகும். அதுவரை மூன்று வேளைக்கு மாத்திரை. அம்மா வேளைக்கு எடுத்துக் கொடுக்கிறாள். அப்பா என் முன்னால் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுகிறார், நான் கேட்காமலே.

ஜூன் 28, சனி

யார் கூடத் தங்குவது? அம்மாவுக்கு ஜவுளிக்கடையில் பத்து நாள் விடுப்புக் கொடுக்க மாட்டார்கள். எனக்கு வயது போதாது. மாமா, டாக்டர் வலிப்பைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நான் அவர் வேலை செய்யும் லாரி ஷெட்டுக்குப் போனேன். திட்டுவதற்கு ஒரு பட்டியல் தயார் செய்து வைத்திருந்தேன்.

டயருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "கொன்னுருப்பேன்ல ஆத்தா?" என்றார். "எங்க மச்சானை நானே கொன்னுருப்பேன்ல?"

பட்டியலை மறந்துவிட்டேன். "நானுந்தான் மாமா கணக்குச் சேப்டர் கேட்டேன்" என்றேன்.

ஜூன் 30, திங்கள்

அப்பாவுக்கு ஏழாம் நம்பர் கட்டில். மாமாவுக்குக் கட்டிலடியில் பாய்.

ஜூலை 3, வியாழன்

மாமா போனில் சொன்னது: முதல் இரண்டு நாள் மோசம். அப்பா அவரையே அடையாளம் தெரியாமல் திட்டினாராம். ஊசி போட்டார்கள். வலிப்பு வரவில்லை. இன்று இட்லி நாலு.

வார்டில் தினமும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். ஜெசிந்தா என்று ஒரு ஆலோசகர் நடத்துகிறார். கூடத் தங்குபவர்களையும் விடுவதில்லை. "நீங்க எப்படி சார்?" என்று மாமாவைக் கேட்டிருக்கிறார். "விசேஷத்துக்கு மட்டும் மேடம்" என்றாராம் மாமா. "மாசத்துல எத்தனை விசேஷம்?" மாமா விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, இரண்டு கையும் தீர்ந்ததும் நிறுத்திவிட்டாராம்.

ஜூலை 8, செவ்வாய்

பார்க்கப் போனேன். அப்பாவின் கன்னம் ஒட்டியிருந்தது. கண் தெளிவாக இருந்தது.

சலூன்காரர் என்று தெரிந்ததும் வார்டில் எல்லாரும் தாடியைத் தடவிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஆனால் உள்ளே பிளேடு, கத்திரி எதுவும் கூடாது. கண்டிப்பான விதி. அப்பா, சிஸ்டரிடம் கேட்டுச் சீப்பு மட்டும் வாங்கிக்கொண்டார். இன்று வீட்டு ஆட்கள் வரும் நாள். பன்னிரண்டு பேர் கட்டில் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அப்பா ஒவ்வொருவருக்கும் தண்ணீர் தொட்டு, வகிடு எடுத்துச் சீவிவிட்டார். வகிடுகள் நூல் பிடித்த மாதிரி இருந்தன. எந்தத் தலையிலும் கோடு பிசகவில்லை.

ஒரு அம்மா தன் மகனைப் பார்த்து அழுதார். "ஸ்கூலுக்குப் போற மாதிரி இருக்கான்."

எனக்கும் கண்ணில் ஏதோ விழுந்தது. சுண்ணாம்பாக இருக்கும். பெயின்ட் வேலை நடக்கிறதே.

ஜூலை 11, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டார். வாரம் ஒரு முறை போய்க் காட்ட வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

தண்டனை மாதம் முடிந்துவிட்டது. நோட்டில் பக்கம் மிச்சம் இருக்கிறது. எழுதுகிறேன்.

கடை திறந்தார். முதல் ஆளாக மாமா போய்க் கழுத்தை நீட்டினார்.

ஜூலை 29, செவ்வாய்

அப்பா இன்று குடித்துவிட்டார். சலூன் சங்கத்துக்காரர் ஒருவர் வீட்டுக் காதுகுத்து. வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே, "குடிச்சிட்டேன் வாசுகி" என்றார். அம்மா அடுப்பை அணைத்தாள்.

எனக்கு எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஒரு நகைச்சுவைகூட வரவில்லை.

ஜூலை 30, புதன்

காலை ஆறரைக்கு அப்பா வீட்டில் இல்லை. போன் மேசையில் கிடந்தது. கடை பூட்டியிருந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களைத் தவிர, புதன்கிழமை லிங்கம் சலூன் பூட்டிக் கிடந்ததாக எனக்கு நினைவில்லை. மாமா பைக்கில் மதுக்கடை மதுக்கடையாகச் சுற்றினார். அம்மா பேருந்து நிலையத்துக்குப் போனாள். நான் சீருடையிலேயே கண்மாய்க் கரைவரை ஓடினேன். கண்மாய்க்கு ஏன் போனேன் என்று எழுத மாட்டேன்.

அங்கே இல்லை என்றதும்தான் அந்த யோசனை வந்தது. பஸ் ஏறினேன். பழைய லாண்டரிக்குப் பின்னாடி, இரண்டாவது மாடி.

வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ஒன்பதாவது ஆள். கையில் சீட்டு, ஆதார், மாத்திரை அட்டை.

மூச்சு வாங்கியது எனக்கு. "யாரு கூட்டிட்டு வந்தா?"

"யாரு கூட்டிட்டு வரணும்? எனக்கு வழி தெரியாதா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நேத்து ராத்திரியே முடிவு பண்ணிட்டேன் பாப்பா. எந்திரிச்சதும் கால் எங்கிட்டுப் போகும்னு எனக்கே தெரியல. வரிசையில வந்து நின்னப்புறந்தான் நம்பிக்கை வந்துச்சு. உங்கம்மாட்ட போன் பண்ணிச் சொல்லு. ஆமா, உனக்கு இன்னைக்கு ஸ்கூல் இல்லையா?"

சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் படியேறி ஒரு பெண்ணும், துண்டால் பாதி முகத்தை மூடிய ஒரு ஆளும் வந்தார்கள். அந்தப் பெண் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தபடி, "இங்க வந்து... அந்த..." என்று இழுத்தார்.

"குடி நிறுத்துறதுக்குத்தானே?" என்றார் அப்பா, வராந்தாவுக்கே கேட்கும்படி. "கீழ சீட்டு போட்டாச்சா? போட்டாச்சுன்னா இங்கிட்டு வாங்கண்ணே. என் பின்னாடி நில்லுங்க."

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தே கால். தாமதமாக வந்தவர்கள் அலுவலகத்துப் பதிவேட்டில் பெயரும் காரணமும் எழுத வேண்டும். பேனாவை வாங்கிக் காரணத்துக்கான கட்டத்தில், பெரிய எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்: "என் அப்பா குடிநோய் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரி வரிசையில் தானாகவே போய் நின்றார். பார்த்துவிட்டு வந்தேன்."

அலுவலக டீச்சர் படித்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி படித்தார். "சுபி, இது எல்லாரும் கையெழுத்துப் போடுற நோட்டும்மா. பாப்பாங்க."

"பாக்கட்டும் டீச்சர். அதுக்குத்தான் பெருசா எழுதினேன்."

எனக்குப் பின்னால் நின்ற ஒன்பதாம் வகுப்புப் பெண் பேனாவை வாங்கி, 'பஸ் பஞ்சர்' என்று எழுத ஆரம்பித்தாள். "அதை நேத்தே ரெண்டு பேர் எழுதிட்டாங்கடி, வேற ஏதாவது யோசி" என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு நடந்தேன்.